ஆதாரம் இல்லை என்று யார் சொன்னது?

வரலாறு படிக்கும் மாணவர்களுக்கு இது ப்ராஜெக்ட் காலம். கல்லூரி வாசலில் இருக்கும் ஜெராக்ஸ் கடைகளில் ஸ்பைரல் பைண்டிங் வேலை ஓய்வில்லாமல் நடக்கிறது. விக்கிப்பீடியாவில் இருந்து நாலு பக்கம், சீனியர் கொடுத்த பழைய ப்ராஜெக்டில் இருந்து இருபது பக்கம், முன்னால் நன்றியுரை, பின்னால் நூற்பட்டியல். அந்தப் பட்டியலில் உள்ள நூல்களில் ஒன்றையாவது மாணவர் கையில் எடுத்துப் பார்த்தாரா என்று கேட்க வழிகாட்டிக்கும் நேரம் இருப்பதில்லை.

இதை மாணவர்களின் சோம்பல் என்று சொல்லிக் கடந்துவிட முடியாது. தலித் வரலாற்றைத் தலைப்பாக எடுக்க விரும்பும் மாணவருக்குப் பல நேரங்களில் கிடைக்கும் முதல் பதில், “அதுக்கெல்லாம் பிரைமரி சோர்ஸ் கிடைக்காது, வேற தலைப்பு பாருங்க” என்பதுதான். இந்தப் பதிலை நம்பி அந்த மாணவர் அரசர்களின் பக்கம் திரும்பிவிடுகிறார். இன்னொரு பக்கம், ஒவ்வொரு சாதிக்கும் ஒரு ‘ஆண்ட பரம்பரை’ வரலாறு யூடியூபில் தினமும் தயாராகிறது. அதற்கு எந்த ஆதாரமும் தேவைப்படுவதில்லை. ஆதாரம் கேட்கப் பழகாத தலைமுறை அதை அப்படியே நம்புகிறது.

எனவே இதைப் பாடத்திட்டச் சிக்கலாக மட்டும் பார்க்காமல் சாதி ஒழிப்பு அரசியலின் சிக்கலாகவும் பார்க்கிறோம். ஒடுக்கப்பட்ட மக்களுக்கு எழுத்து ஆதாரம் இல்லை என்பது உண்மையல்ல. அவர்கள் எழுதினார்கள், அச்சிட்டார்கள், விற்றார்கள். அதை அடுக்கி வைக்கும் அலமாரிதான் அவர்கள் கையில் இல்லை.

நம் கையில் இருந்த அச்சு

1869 தொடங்கி 1943 வரையிலான தலித் இதழ்களைப் பற்றி ஜெ.பாலசுப்பிரமணியம் ஒரு முழு நூலே எழுதியிருக்கிறார். ‘சூரியோதயம் முதல் உதயசூரியன் வரை’ என்பது அதன் பெயர். முக்கால் நூற்றாண்டுக் கால இதழியலைத்தான் ‘ஆதாரம் கிடைக்காது’ என்ற ஒரே வரியில் தள்ளிவிடுகிறார்கள்.

ரெட்டைமலை சீனிவாசன் 1893 அக்டோபரில் ‘பறையன்’ இதழைத் தொடங்கினார். நான்கு பக்க மாத இதழாகத் தொடங்கி வார இதழாக வளர்ந்து, 1900 வரை வந்தது. அயோத்திதாசர் 1907 ஜூன் 19 அன்று சென்னை இராயப்பேட்டையில் இருந்து ‘ஒரு பைசாத் தமிழன்’ வார இதழைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே அது ‘தமிழன்’ ஆயிற்று. 1914இல் அவர் மறையும் வரை தொடர்ந்து வந்தது. கோலார் தங்கவயலிலும் பர்மாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் அதற்கு வாசகர்கள் இருந்தார்கள்.

இந்த இரண்டு இதழ்களுக்கும் பிறகு நேர்ந்தது என்ன? ‘பறையன்’ இதழ்களை இன்று ஒரு மாணவர் நூலகத்தில் கேட்டு வாங்கிப் படித்துவிட முடியாது. ‘தமிழன்’ தப்பியது. அன்பு பொன்னோவியம் என்ற தனிமனிதர் அந்த இதழ்களைத் தேடிச் சேர்த்துப் பாதுகாத்தார். அவற்றைக் கொண்டு ஞான.அலாய்சியஸ் தொகுத்த ‘அயோத்திதாசர் சிந்தனைகள்’ நூலைப் பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் 1999இல் வெளியிட்டது. அயோத்திதாசர் மறைந்து 85 ஆண்டுகள் கழித்து! அதன் பிறகுதான் தமிழ்நாட்டின் அறிவுலகம் அவரைப் பற்றி விரிவாகப் பேசத் தொடங்கியது. ஒரு மனிதர் பழைய தாள்களைப் பாதுகாத்தது ஒரு சிந்தனையாளரையே மீட்டுக் கொடுத்திருக்கிறது.

ஒரு ப்ராஜெக்டை எப்படித் தொடங்கலாம்?

‘பொதுவழி, பொதுக்கிணறு உரிமை’ என்று ஒரு தலைப்பை எடுத்துக்கொள்வோம். 1924இல் சென்னை சட்டமன்ற மேலவையில் ரெட்டைமலை சீனிவாசன் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச்சாலை, தெரு, கிணறு, குளம், அரசு அலுவலகம் ஆகியவற்றைத் தாழ்த்தப்பட்ட மக்கள் பயன்படுத்துவதற்கு எந்தத் தடையும் கூடாது என்பது அதன் சாரம். தீர்மானம் நிறைவேறியது, அதே ஆண்டு செப்டம்பரில் அரசாணையும் வந்தது. மேலவை நடவடிக்கைகள் அச்சிட்ட தொகுதிகளாக உள்ளன. யார் பேசினார்கள், யார் எதிர்த்தார்கள், யார் நழுவினார்கள், அரசு என்ன பதில் சொன்னது என்பதை அவற்றில் படிக்கலாம். இது முதல் மூல ஆவணம்.

பெரும்பாலான ப்ராஜெக்டுகள் இங்கேயே நின்று, ‘இதன்மூலம் தீண்டாமை நீங்கியது’ என்று முடித்துவிடும். ஆனால் 1938இல் சென்னை மாகாணத்தில் குடியியல் தகுதியின்மைகளை நீக்கும் சட்டம் ஒன்று வருகிறது. அதைக் கொண்டுவந்தவர் எம்.சி.ராஜா. கிட்டத்தட்ட அதே உரிமைகளைத்தான் அதுவும் பேசுகிறது. 1955இல் நாடாளுமன்றம் தீண்டாமைக் குற்றங்கள் சட்டத்தை இயற்றுகிறது. 1924இலேயே ஆணை வந்துவிட்டதென்றால் 1938இல் சட்டம் எதற்கு? அப்போதும் தீரவில்லை என்பதால்தானே 1955? மூன்று அச்சுத் தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்த உடனே ஒரு வரலாற்றுக் கேள்வி பிறந்துவிடுகிறது. 2022 டிசம்பரில் வேங்கைவயலில் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டதை அறிந்த மாணவருக்கு, இந்தக் கேள்வி எங்கே போய் முடியும் என்பதை நாம் சொல்லித்தர வேண்டியதில்லை.

அடுத்த கட்டமாக அந்த இடைப்பட்ட ஆண்டுகளின் இதழ்களைப் பார்க்க வேண்டும். 1925 மே 2 முதல் ஈரோட்டில் இருந்து வந்த ‘குடிஅரசு’ இருக்கிறது. அரசாணை காகிதத்தில் இருந்தபோது ஊரில் என்ன நடந்தது என்பதை மாநாட்டுத் தீர்மானங்களிலும் செய்திகளிலும் தேடலாம். ரெட்டைமலை சீனிவாசன் 1939இல் எழுதிய ‘ஜீவிய சரித்திர சுருக்கம்’ சிறிய நூல்தான், ஒரே நாளில் படித்துவிடலாம். எம்.சி.ராஜா 1925இல் ஆங்கிலத்தில் எழுதிய ‘ஒடுக்கப்பட்ட இந்துக்கள்’ நூலும் உண்டு. ஒரு இளங்கலை ப்ராஜெக்டுக்கு இவ்வளவே தாராளம்.

நிலம் பற்றி எழுத விரும்புகிறவர்கள், செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த திரமென்ஹீர் 1891இல் எழுதிய அறிக்கையில் இருந்து தொடங்கலாம். பஞ்சமி நிலத்துக்கு வழிவகுத்த 1892 செப்டம்பர் 30 அரசாணைக்குப் பின்னால் இருப்பது அந்த அறிக்கை.

அச்சில் இருப்பதெல்லாம் உண்மையா?

இல்லை. மூல ஆவணத்தை வேதவாக்காக எடுத்துக்கொண்டால் நாம் ஒரு புராணத்தை விட்டு இன்னொரு புராணத்துக்குப் போனவர்கள் ஆவோம். யார் அச்சிட்டார்கள், யாருக்காக, எந்தச் சூழலில் என்ற மூன்று கேள்விகளை ஒவ்வொரு தாளிடமும் கேட்க வேண்டும்.

ஆங்கில அரசு, இந்திய மொழி இதழ்களைக் கண்காணிக்க அவற்றின் சுருக்கங்களை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துத் தொடர்ந்து அறிக்கைகளாக அச்சிட்டது. மூல இதழ்கள் அழிந்துபோன இடத்தில் இந்த அறிக்கைகள் பெரும் உதவி. ஆனால் எதை மொழிபெயர்ப்பது, எதை விடுவது என்று முடிவு செய்தது அரசின் மொழிபெயர்ப்பாளர். அவர் எந்தச் சமூகத்தில் இருந்து வந்தார் என்பதையும் சேர்த்தே யோசிக்க வேண்டும். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அறிக்கைகளுக்கும் 1909இல் ஏழு தொகுதிகளாக வந்த எட்கர் தர்ஸ்டனின் சாதிகள் பற்றிய நூலுக்கும் இது பொருந்தும். அவற்றை ‘எங்கள் சாதியின் வரலாறு’ என்று மேற்கோள் காட்டுகிறவர்கள், அந்தத் தகவலை தர்ஸ்டனிடம் சொன்னது யார் என்று கேட்பதில்லை.

பெயர்களையும் கவனிக்க வேண்டும். அரசு ஆவணம் ஒரு சாதிப் பெயரை முத்திரையாகக் குத்துகிறது. அதே பெயரை ரெட்டைமலை சீனிவாசன் துணிந்து தன் இதழின் தலைப்பாக வைத்தார். அவருடைய மைத்துனரான அயோத்திதாசரோ அந்தப் பெயரையே ஏற்க மறுத்து, நாம் பூர்வ பௌத்தர்கள் என்று வாதிட்டார். ஒரே சொல், மூன்று நிலைப்பாடுகள். ஆவணத்தில் இருக்கும் சொல்லை மாற்றாமல் மேற்கோள் காட்டுங்கள். உங்கள் சொந்த வாக்கியத்தில் அதைப் பயன்படுத்தாதீர்கள்.

தொகுப்பு நூல்களுக்கும் எல்லை உண்டு. ‘அயோத்திதாசர் சிந்தனைகள்’ பொருள்வாரியாகப் பிரிக்கப்பட்டது. ஒரே வாரத்தில் எந்தக் கட்டுரைக்குப் பக்கத்தில் எந்தச் செய்தி, எந்த விளம்பரம், யாருடைய கடிதம் வந்தது என்பதை அதில் பார்க்க முடியாது. தொகுப்பில் தொடங்குங்கள், வாய்ப்புக் கிடைத்தால் இதழின் மூலப் பக்கத்தையும் பாருங்கள்.

எங்கே போவது?

கைப்பேசி போதும் என்றால் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் தொடங்கலாம். பழைய நூல்களும் இதழ்களும் அங்கே கட்டணமின்றிக் கிடைக்கின்றன. மகாராஷ்டிர அரசு 1979 முதல் வெளியிட்டுவரும் அம்பேத்கர் எழுத்துகளின் தொகுதிகளும் இணையத்தில் உள்ளன. நேரில் போக முடிந்தவர்களுக்குச் சென்னை எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகமும் கன்னிமாரா நூலகமும் அருகருகே இருக்கின்றன. தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. கோட்டையூரில் ஒரு தனிமனிதர் திரட்டிய சேகரிப்பில் பிறந்த நூலகம் அது. போவதற்கு முன் துறைத் தலைவரிடம் ஒரு கடிதமும், கையில் அடையாள அட்டையும் இருக்கட்டும். ‘தலித் வரலாறு வேண்டும்’ என்று பொதுவாகக் கேட்காமல், இதழின் பெயர், ஆண்டு, மாதம் என்று எழுதிக்கொண்டு போனால் வேலை நடக்கும்.

எழும்பூருக்கு வந்துபோகப் பேருந்துக் காசும் தங்க இடமும் இல்லாத மாணவர்களை இந்த அறிவுரை சென்றுசேராது என்பதும் நமக்குத் தெரியும். அதனால்தான் அரசிடம் கேட்கிறோம். பழைய சட்டமன்ற நடவடிக்கைத் தொகுதிகள் அனைத்தையும், தேடிப் படிக்கக்கூடிய வடிவில், கட்டணமின்றி இணையத்தில் வெளியிட வேண்டும். ஆதிதிராவிடர் நல விடுதிகள் ஒவ்வொன்றிலும் அயோத்திதாசர், அம்பேத்கர், பெரியார் தொகுதிகள் கொண்ட நூலகம் இருக்க வேண்டும். மாவட்ட மைய நூலகங்களில் தலித் இதழ்களின் மின்படிகளைப் பார்க்கும் வசதி வேண்டும். இவை எதுவும் பெரிய செலவு பிடிக்கும் வேலைகள் அல்ல.

அரசு செய்யும்வரை காத்திருக்கத் தேவையில்லாத வேலை ஒன்றும் உண்டு. உங்கள் தெருவில் யாரோ ஒரு தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் மாநாட்டு நோட்டீஸ், சங்கத்தின் ஆண்டறிக்கை, கூலி உயர்வுப் போராட்டத் துண்டறிக்கை, இரவுப்பள்ளி திறப்புவிழா அழைப்பிதழ் ஏதாவது இருக்கலாம். அவையும் அச்சிட்ட மூல ஆவணங்கள்தாம். வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது பழைய பேப்பர் கடைக்குப் போவதும் அவைதாம். தேதி, ஊர், அச்சகத்தின் பெயர் தெரியும்படி படம் எடுங்கள். யாரிடம் இருந்தது, எப்படி வந்தது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மூலத்தை அவர்களிடமே பத்திரமாகத் திருப்பிக் கொடுங்கள். இந்த ஆண்டு ப்ராஜெக்டின் பின்னிணைப்பில் அப்படி ஒரு தாள் இருக்கட்டும், தோழர்களே.