சுழியோடல் அட்டை: ஒலுவில் இளைஞர்கள் முதலில் கேட்க வேண்டியது

ஒலுவில் துறைமுகம் 2013இல் திறக்கப்பட்டது. அதன் வாயை மணல் அடைப்பதும் கரையைக் கடல் அரிப்பதும் மீனவர் பிழைப்பைக் குலைத்துவிட்டன. வேறு தொழில் தேடும் இளைஞர்கள் சுற்றுலாச் சுழியோடல் பக்கம் திரும்பினால் எந்த நிறுவனத்தின் சான்றிதழைப் பெறுவது? பாடியா, எஸ்.எஸ்.ஐயா?

என் பார்வையில், தொடக்க நிலையில் பெயர் பெரிய விடயமல்ல. பாடி 1966இலும் எஸ்.எஸ்.ஐ 1970இலும் அமெரிக்காவில் தொடங்கின. இரண்டின் முதல் அட்டையும் 18 மீற்றர் ஆழம் வரைதான். ஒன்றில் தொடங்கியவர் மற்றதில் மேற்படிப்பைத் தொடரலாம். மட்டக்களப்புக் கடலில் 1942இல் மூழ்கிய ஹேர்மிஸ் கப்பல் 50 மீற்றருக்கும் கீழே கிடக்கிறது. அங்கு இறங்க இந்த அட்டை போதாது.

பார்க்க வேண்டியது போதகரை. அவரது உரிமம் நடப்பில் உள்ளதா? ஒரே நேரத்தில் எத்தனை பேருக்குக் கற்பிக்கிறார்? உடல்நிலை பற்றிய வினாப் படிவம் தருகிறாரா? படகில் ஒட்சிசன் உண்டா? தமிழில் விளக்குவாரா?

கடைசிக் கேள்வி சிறியதல்ல. ஆழத்திலிருந்து வேகமாக மேலேறினால் உடலில் கரைந்த நைதரசன் குமிழிகளாகி, கைகால்களை முடக்கும், உயிரையும் பறிக்கும். முறையான பயிற்சியின்றிக் கடலட்டைக்குச் சுழியோடும் எம்மவர்கள் இந்த ஆபத்தோடுதான் இறங்குகிறார்கள். அரைகுறையாகப் புரிந்த மொழியில் இதைக் கற்கக் கூடாது.

கட்டணமும் ஏழைக் குடும்பங்களுக்குச் சுமை. துறைமுகத்தால் கடலை இழந்தவர்களின் பிள்ளைகளுக்கு இப்பயிற்சியைத் தமிழில், அரச செலவில் வழங்குவது சலுகையல்ல, இழப்பீட்டின் ஒரு பகுதி.