இரவல் கருவியும் சொந்தக் கணக்கும்

கொல்கத்தாவின் கிழக்கே 12,500 ஹெக்டேர் பரப்பில் சதுப்பு நிலங்கள் அமைந்துள்ளன. நகரின் கழிவுநீர் அங்குள்ள மீன்வளர்ப்புக் குளங்களில் புகுந்து, வெயிலாலும் பாசிகளாலும் தூய்மையுற்று, மீன்களுக்கு உணவளிக்கிறது. 1992-இல் கல்கத்தா உயர் நீதிமன்றம் இந்நிலங்களை வேறு உபயோகத்திற்கு மாற்றத் தடை விதித்தது. 2002-இல் இவை ராம்சார் சர்வதேசப் பட்டியலில் இடம் பெற்றன. எனினும் எந்தக் குளம் எப்போது தூர்க்கப்பட்டது என்பதை நிறுவினாலன்றித் தடையால் பயனில்லை.

அதை நிறுவ உதவுவன செயற்கைக் கோள் படங்கள். 2010-இல் தொடங்கிய கூகிள் எர்த் எஞ்சின், அப்படங்களைத் தன் கணிப்பொறிகளிலேயே வைத்துக் கணக்கிட்டு அளிக்கிறது. ஆராய்ச்சிக்கும் கல்விக்கும் இலவச அனுமதி உண்டு. இதனால் விளைந்த நன்மை பெரிது. ஆயினும் கருவி இரவலே. 2022-இல் வணிக உபயோகத்திற்குக் கட்டணம் வந்தது. மைக்ரோசாப்ட் நிறுவனம் பிளானட்டரி கம்ப்யூட்டரில் இலவசமாக நடத்திய கணக்கீட்டு வசதியை 2024-இல் நிறுத்திவிட்டது. ஒரு கருவிக்கென எழுதிய நிரல் மற்றொன்றில் அப்படியே இயங்குவதுமில்லை.

படங்களின் நிலை வேறு. ஐரோப்பாவின் சென்டினல்-2 படங்களை எவரும் கட்டணமின்றிப் பெற்றுச் சேமிக்கலாம். இச்சதுப்பு நிலத்தை மட்டும் வெட்டியெடுத்து, பக்கம் 10 மீட்டர் கொண்ட சதுரங்களாகப் பகுத்தால் 12.5 லட்சம் சதுரங்கள் கிடைக்கும். நீரை இனங்காணப் பச்சை, அண்மை அகச்சிவப்பு ஆகிய இரண்டு ஒளிப்பட்டைகள் போதும். பின்னதை நீர் பெரிதும் உறிஞ்சிவிடுகிறது. பட்டைக்கு 2 பைட் வீதம் ஒரு படம் 5 மெகாபைட். மாதம் ஒன்றாகப் பத்தாண்டுப் படங்கள் 600 மெகாபைட். இது சாதாரணக் கணிப்பொறிக்கும் சுமையன்று. கணக்கிடுவதற்குக் கியூஜிஐஎஸ் என்னும் இலவச மென்பொருள் உண்டு. நிறுவிய பிரதி நம்மிடமே இருக்கும்.

நாடு முழுவதையும் அளப்பதற்குப் பெருங்கணிப்பொறிகள் வேண்டியவையே. ஒரு வட்டாரத்திற்கு அவை கட்டாயமல்ல. ஆதலின் படத்தின் நாள், எல்லை, சூத்திரம், நீரெனக் கொண்ட வரம்பு ஆகியவற்றைத் தெளிவாக எழுதி வைத்தலும், அதே கணக்கை இரு கருவிகளிலும் செய்து ஒப்பிடுதலும் முதற்கடமைகளாகும். ஆகாயத் தாமரை மூடிய குளம் படத்தில் வயலெனத் தோன்றும். தூர்வார நீரிறைத்த குளம் அழிந்ததெனத் தோன்றும். இப்பிழைகளைத் திருத்த வல்லது களப்பணியாளரின் நேர்ப்பார்வையே.

தமிழ்நாட்டு ஆசிரியர்கள் இப்பயிற்சியைப் பள்ளிக்கரணையிலிருந்து தொடங்கலாம். 2022-இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்த அதன் பரப்பு சுமார் 1,248 ஹெக்டேர். கொல்கத்தாச் சதுப்பு நிலத்தில் பத்தில் ஒரு பங்கு.