அசனத்துக்கு 12,000, மாசாமாசம் பூஜ்ஜியமா?

சென்னை, பெங்களூருல வேலை பார்க்கிற கோவில்பட்டிப் பக்கத்து ஆட்கள் ஊர்ச் சபைக்குக் காணிக்கை கொடுக்கும் முறையை மாத்தணும். தொகையைச் சொல்லல, முறையை.

கரிசல் காட்டு வருமானம் வடகிழக்குப் பருவமழையை நம்பி இருக்கு. உளுந்து, பாசி, மக்காச்சோளம் வீடு வந்த பிறகுதான் விவசாயி கையில் காசு. அறுப்பின் பண்டிகை ஏலம் களைகட்டுவதும் அதனாலதான். ஆனா செலவு பருவம் பார்க்குமா? கரண்ட் பில், கோயில்குட்டி சம்பளம், ஏழை விதவைகளுக்கு உதவி, டயோசிஸுக்குக் கட்டுற பங்குன்னு வந்துக்கிட்டே இருக்கும். மழை பொய்த்த வருஷம் சேகரமே திணறும். மாசச் சம்பளக்காரங்க நீங்கதான் அந்த இடைவெளியை அடைக்க முடியும்.

அசன விருந்துக்கு மொத்தமா 12,000 அனுப்புறதைவிட, மாசம் 1,000 சங்கக் காணிக்கை மேல். எஸ்ஐபி மாதிரி சம்பளம் வந்த மறுநாளே போகட்டும். (பந்தல்ல மைக்குல பேர் வாசிக்க மாட்டாங்க, பரவாயில்லை!)

200 ரூபாயில என்ன ஆகும்னு நினைக்காதீங்க. 1903-ல் தொடங்கிய திருநெல்வேலி இந்திய மிஷனெரி சங்கம், வெளிநாட்டுப் பணத்தை நம்பாம, நம்ம மக்களோட காணிக்கையிலதான் தோர்ணக்கல்லுக்கு ஊழியர்களை அனுப்புச்சு.

கிரெடிட் கார்டு பாக்கி இருந்தா முதல்ல அதை அடைங்க. ரசீது வாங்குங்க, சபையோட ஆண்டுக் கணக்கைத் தயங்காம கேளுங்க. வரிச் சலுகையை எதிர்பார்த்துக் கொடுக்காதீங்க: புது வரி முறையில 80ஜி கழிவு கிடையாது. பழைய முறையிலும் வாங்குற அமைப்புக்கு 80ஜி அங்கீகாரம் இருக்கணும், ரொக்கம்னா 2,000 ரூபாயைத் தாண்டக் கூடாது.