பெரிய வாய் இருந்தா மட்டும் போதுமா?

காருக்கு பவர் பத்தலையா, பெரிய த்ராட்டில் பாடி போடுன்னு சொல்றது, ப்ரோக்ராம் மெதுவா ஓடுதா, ரேம் போடுன்னு சொல்ற மாதிரி. சில சமயம் சரியா வரும். பல சமயம் காசுக்குப் பிடிச்ச கேடு.

மிச்சிகனில் இருக்கும் நண்பர் ஒருத்தர் 2003 மாடல் மஸ்டாங் எஸ்.வி.டி. கோப்ரா வச்சிருக்கார். 4.6 லிட்டர் வி8, மேலே ஈட்டன் எம்112 சூப்பர்சார்ஜர், ஃபோர்டு கணக்குப்படி 390 குதிரைசக்தி. புல்லியைச் சின்னதாக்கி பூஸ்டை 12 பிஎஸ்ஐ வரைக்கும் ஏத்தியாச்சு. அடுத்த குறி த்ராட்டில் பாடி. ஒரிஜினல்ல 57 மிமீ துவாரம் ரெண்டு. அவர் கண்ணு வச்சது 62 மிமீ ஜோடி. பரப்பு சுமார் 18 சதவீதம் அதிகம். அப்போ பவரும் 18 சதவீதமான்னு கேட்டீங்கன்னா, அதான் இல்லை.

இந்த ரூட்ஸ் வகை சூப்பர்சார்ஜர்ல த்ராட்டில் முன்னாடி, ரோட்டர் பின்னாடி. ஒவ்வொரு சுத்துக்கும் ரோட்டர் அள்ளுற காற்றின் கொள்ளளவு கிட்டத்தட்ட மாறாது. அதனால வாசல்ல அழுத்தம் 1 பிஎஸ்ஐ குறைஞ்சா, 12 பிஎஸ்ஐ பூஸ்டுல, உள்ளே கிட்டத்தட்ட 2 பிஎஸ்ஐ போச்சு. த்ராட்டிலை சூப்பர்சார்ஜருக்குப் பின்னாடி வச்சிருக்கும் சென்ட்ரிஃபியூகல் செட்டப்ல, த்ராட்டில்ல ஆகும் நஷ்டம் இப்படிப் பெருகாது. ஆக, நம்ம கேஸ்ல வாசல் முக்கியம்தான். ஆனா எந்த வாசல்?

ஃபில்டர், காற்றை அளக்கும் மாஸ் ஏர்ஃப்ளோ மீட்டர், பைப், த்ராட்டில், அதுக்குப் பின்னாடி இருக்கும் வளைவுன்னு வரிசையா நிக்குது. நாம கோட் எழுதும்போது ப்ரொஃபைலர் ஓட்டாம கை வைப்போமா? (வைப்போம், அது வேற கதை.) இங்கே ப்ரொஃபைலர் ஒரு சாதா வேக்குவம் கேஜ். டைனோல ஏத்தி, த்ராட்டிலை முழுசா திறந்து, அதுக்கு முன்னாடி ஒரு தடவை, பின்னாடி ஒரு தடவை அளந்தா முடிஞ்சுது.

ரோட்ல ஓட்டுற காருக்கு இன்னொரு தலைவலியும் இருக்கு. துவாரம் பெருசானா, பெடலை லேசா தொட்டாலே அதிகக் காற்று போகும். சிக்னல்ல கார் துள்ளும். இவரோட கார் கேபிள் த்ராட்டில் வேற. ஐடில் ஏறி இறங்க ஆரம்பிச்சா ட்யூனரிடம் போய் நிக்கணும். வளைவோட வாயையும் அதே அளவுக்குப் பெருசாக்கலைன்னா, 62 மிமீ வழியா வந்த காற்று அங்கே ஒரு படியில முட்டிக்கிட்டு நிக்கும்.

எனக்கு அளவை விட முக்கியம் தரம். தட்டைப் பிடிக்கும் குட்டி ஸ்க்ரூ கழண்டா நேரா ரோட்டருக்குள்ளதான் விழும். ஷாஃப்ட் திறந்தபடியே சிக்கிக்கிட்டா, அது பவர் பிரச்சினை இல்லை, உயிர்ப் பிரச்சினை. மலிவு விலை காப்பி வாங்குறதுக்கு பழசையே வச்சுக்கலாம்.

நண்பர் அளந்தார். த்ராட்டிலுக்கு முன்னாடியே 2 அங்குல பாதரசம் போயிருந்தது, பின்னாடி 2.5. அதாவது மொத்த நஷ்டத்துல த்ராட்டில் பங்கு அரை அங்குலம், கால் பிஎஸ்ஐ. மீதியெல்லாம் ஃபில்டரும் பைப்பும் தின்னது.

இப்ப பெரிய ஃபில்டரும் பைப்பும் தேடிக்கிட்டு இருக்கார். ஆனாலும் அந்த பளபள அலுமினியம் மேல இன்னும் ஒரு கண்ணு இருக்கு மனுஷனுக்கு :-)