கூடைப்பந்தும் குறை கூறுவோரும்

நம் கல்லூரிக் குழு தோற்றால் இராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் அபிமானிகள் இரு கட்சியாவர். பயிற்சியாளரே குற்றவாளி என்பது ஒரு கட்சி; ஆட்டக்காரர் சோம்பினால் ஆசான் என் செய்வார் என்பது மற்றொன்று. இத்தர்க்கம் அன்பினின்று எழுவதே. அதனை யாம் வெறுக்கிலோம். ஆயினும் தராசு செம்மையாதல் வேண்டும்.

1891-இல் அமெரிக்க நாட்டு ஸ்பிரிங்பீல்டில், கிறிஸ்தவ வாலிபர் சங்கப் பயிற்சிப் பள்ளியில், இவ்வாட்டத்தை வகுத்தவர் ஜேம்ஸ் நெய்ஸ்மித். பின்னர் கான்ஸஸ் பல்கலைக்கழகக் குழுவை அவர் பயிற்றியபோது, 55 ஆட்டங்களில் வென்று 60-இல் தோற்றார். எண்ணிக்கை ஒன்றையே அளவுகோலாகக் கொண்டால், ஆட்டத்தைப் படைத்தவரே அதனை அறியாதவராவார்! அவரிடம் ஆடிய பாரஸ்ட் ஆலனோ பெரும்புகழ் பெற்ற பயிற்சியாளரானார். ஆசானின் பயன் ஒரு பருவத்தில் விளைவதன்று.

ஆடிப்பூரத் தேரைக் கண்டவர்க்கு இது விளங்கும். வடம் பிடிப்போர் பலர். முட்டுக்கட்டை இடுவோர் சிலர். அச்சிலர் தடை செய்வார்போல் தோன்றினும், அவரின்றேல் தேர் நேரே செல்லாது. நான்கு தவறு செய்த நல்லாட்டக்காரனைப் பயிற்சியாளர் சிறிது நேரம் வெளியே அமர்த்துவதும் அத்தகையதே; ஐந்தாவது தவறு நேரின் அவன் ஆட்டத்தையே இழப்பான்.

ஆதலின் குற்றத்தைப் பகுத்துக் காண்போமாக. எவரும் மறிக்காத தண்டனை எறி கூடையில் விழாதாயின், அது பெரும்பாலும் எறிந்தவன் பொறுப்பு. களைத்த ஐவரையே இறுதிவரை ஓடவிட்டால், அது பயிற்சியாளர் பொறுப்பு. இவ்வாறு நோக்கிக் கூறும் குறை இருவர்க்கும் உதவும். வெறுங்கூச்சலோ ஒருவர்க்கும் உதவாது.