பாடுகிறவருக்கும் ஓர் இலை

சென்ற தை மாதம் நண்பர்கள் நால்வர் சென்னிமலை ஏறி இறங்கியபின், கடைத்தெருவில் ஆளுக்கொரு போர்வை வாங்கிக்கொண்டு, சாலையோர உணவகம் ஒன்றில் மதிய உணவுக்கு அமர்ந்தோம். கீற்றுக் கூரை, சுவரில் சாய்த்த வண்டிச் சக்கரம், மண்சட்டியில் கொள்ளு ரசம் என்று கிராமத்தையே விலைக்கு வைத்திருக்கும் இடம். வாசலில் முதியவர் இருவர் வருகிற கார்களைப் பார்த்துப் பறை முழக்கிக்கொண்டிருந்தனர். நாங்கள் உண்டு முடித்துக் கை கழுவி வரும்வரையிலும் நின்றபடியே முழக்கினர். சாப்பிட்டாயிற்றா என்று கேட்டோம். "கூட்டம் ஓயட்டுமுங்க, பொறகால போடுவாங்க" என்றார் ஒருவர்.

'பொறகால' என்றால் கொங்கு வழக்கில் பின்னால். பிறகு என்று சொன்னாரா, கொல்லைப்புறத்தில் என்று சொன்னாரா என்பது எங்களுக்கு விளங்கவில்லை. இரண்டும் ஒன்றாகவே இருந்திருக்கலாம்.

திரும்பும் வழியில் பேச்சு ப்ளூஸ் இசைக்குத் தாவியது. அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் பெண்டோனியா என்று ஒரு சிற்றூர். அங்கே 1948இல் கேரி ஹோம்ஸும் மேரி ஹோம்ஸும் 'ப்ளூ ஃப்ரண்ட்' என்ற உணவகத்தைத் தொடங்கினர். பருத்திக் காட்டிலும் அரவை ஆலையிலும் உழைத்த கறுப்பின மக்கள் அங்கே வறுத்த மீன் தின்றார்கள், கள்ளச்சாராயம் குடித்தார்கள், ப்ளூஸ் கேட்டார்கள். அந்த இடம் ஒன்றும் சொர்க்கமன்று. நிறவெறிச் சட்டங்களின் காலத்தில் இரவு பத்து மணிக்குக் கடையை மூடிவிட வேண்டும். பருத்தி எடுக்கும் பருவத்தில் மட்டும், ஆலைக்கு ஆள் வேண்டுமே, விடிய விடியத் திறந்திருக்கலாம். கறுப்பின வாடிக்கையாளருக்குக் கோகோ கோலா விற்கக்கூடாது என்று ஒரு விதி! தேநீர்க் கடைகளில் இரட்டைக் குவளை கண்ட நம் கொங்கு மண்ணுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஆனால் ஒரு வேறுபாடு. அங்கே பாடியவனும் உண்டவனும் ஒரே காட்டில் பருத்தி எடுத்தவர்கள். பாடி முடித்தவன் அதே மேசையில் உட்கார்ந்தான். 1970இல் கடையை ஏற்ற மகன் ஜிம்மி 'டக்' ஹோம்ஸ், தானே கிதார் எடுத்துப் பாடுகிறவர். உள்ளூர் மூத்தவர்களிடம் கற்றவர். 2019இல் வெளியான அவருடைய இசைத்தட்டு கிராமி விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. வெளிநாட்டார் தேடி வந்தபோதும் கல்லாப்பெட்டி பாடகரிடமே இருந்தது.

நம் ஊரில் பறை முழக்குகிறவர் கல்யாணத்திலும் இழவிலும் பந்திக்கு வெளியேதான் நின்றார். இப்போது உணவகத்தின் வாசலுக்கு வந்திருக்கிறார். 'கலை பிழைக்கிறதே, கூலியும் கிடைக்கிறதே' என்கிறார் எங்களில் ஒருவர். அந்தக் கூலியை நாம் இளக்காரமாக நினைக்கவில்லை. அவர்கள் வீட்டில் அது அரிசியாகிறது. வாசல்தான் உறுத்துகிறது. உள்ளே ஒரு மேடை போட்டு, இருக்கை தந்து, முழக்கி முடித்ததும் எல்லோருக்கும் விரித்த வரிசையிலேயே அவருக்கும் ஓர் இலை விரிக்க எந்த முதலாளிக்கும் பெரிய செலவாகிவிடாது. அப்படி விரித்தால் எழுந்து போகிறவர்கள் எத்தனை பேர் என்பதும் அப்போது தெரியவரும்.

அன்று நாங்கள் பணம் கொடுத்தோம், பெரியவர்கள் வாங்கிக்கொண்டார்கள். உள்ளே வந்து உட்காருங்கள் என்று எங்கள் நால்வரில் ஒருவரும் சொல்லவில்லை.