வாக்குக் கொடுத்து ஆடும் ஆட்டம்

கரிவலம்வந்தநல்லூரிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். கல்லூரி விடுமுறைக்கு வந்திருக்கும் மகன் கைப்பேசியில் ஏதோ நாடு பிடிக்கும் ஆட்டம் ஆடுகிறானாம். சுடுவதில்லை, வெட்டுவதில்லை, பணம் கட்டுவதுமில்லை. நாளெல்லாம் யாருக்கோ கடிதம் எழுதுவதுபோல் எழுதிக்கொண்டிருக்கிறான். "இவனோடு சமாதானம் பேசிவிட்டேன் அம்மா, நாளை ராத்திரி இவன் ஊரைப் பிடித்துவிடுவேன்" என்று சிரித்துக்கொண்டே சொல்கிறான். "பொய் சொல்லிப் பழகும் விளையாட்டு ஒரு வீட்டுக்கு ஆகுமா?" என்பது அவர் கேள்வி.

ஆகும், ஆகாது என்று ஒரு சொல்லில் விடை கூறிவிடலாம். ஆனால் ஆட்டத்தை அறியாமல் தீர்ப்புக் கூறுவது முறையன்று.

இவ்வகை ஆட்டங்களுக்கெல்லாம் மூத்தது 'டிப்ளமசி' என்பது. ஆலன் கால்ஹமர் என்ற அமெரிக்கர் 1954-ஆம் ஆண்டில் இதை வகுத்து முடித்தார். வெளியிட முன்வருவார் இல்லாமையால் 1959-இல் தம் கைப்பணத்திலேயே 500 பெட்டிகள் செய்து விற்றார். பிற்காலத்தில் தபால்காரராக வேலை பார்த்தவர், 2013-இல் காலமானார். முதல் உலகப் போருக்கு முந்திய ஐரோப்பாவின் வரைபடமே ஆடுகளம். இங்கிலாந்து, பிரான்சு, ஜெர்மனி, ஆஸ்திரியா, இத்தாலி, ருசியா, துருக்கி என ஏழு வல்லரசுகள், ஆளுக்கொன்று. 34 முக்கிய இடங்களில் 18-ஐப் பிடித்தவர் வென்றவர்.

இதில் தாயக்கட்டை இல்லை. அதிர்ஷ்டத்துக்கு இடமே இல்லை. ஒரு படையை எதிர்த்து ஒரு படை நின்றால் இரண்டும் நின்ற இடத்திலேயே நிற்கும். மற்றொரு படை துணை நின்றால்தான் முன்னே செல்ல முடியும். தன்னிடம் உள்ளவை சிலவே ஆதலால் அந்தத் துணையைப் பெரும்பாலும் பிறரிடந்தான் கேட்டுப் பெறவேண்டும். எனவே ஒவ்வொரு சுற்றுக்கும் முன்பாக ஆட்டக்காரர்கள் இருவர் இருவராக ஒதுங்கிப் பேசுவர். பின்னர் தத்தம் கட்டளையை மறைவாக எழுதுவர். எல்லாச் சீட்டுகளும் ஒரே வேளையில் பிரிக்கப்படும். பேசியபடி எழுதவேண்டும் என்று எந்த விதியும் கட்டாயப்படுத்துவதில்லை. நம் திண்ணைத் தாயத்தில் தோற்றவன் கட்டையைப் பழிப்பான். இங்கே பழிப்பதற்கு எதிரே ஓர் ஆளே உட்கார்ந்திருக்கிறார். 1963-முதல் இதைத் தபாலிலும் ஆடினர். ஓர் ஆட்டம் முடிய ஓராண்டுக்கு மேலாவதும் உண்டு. இப்போது அதே ஆட்டமும் அதன் வழிவந்தவையும் கைப்பேசிக்கு வந்துவிட்டன.

பொய்யில் வல்லவனே இதில் வெல்வான் என்று எண்ணத் தோன்றும். உண்மை அவ்வளவு எளிதன்று. இரண்டாம் சுற்றிலேயே வாக்கு மாறியவனுக்கு மூன்றாம் சுற்றில் எவரும் துணை நிற்பதில்லை. ஆறு பேரும் சேர்ந்து அவனை முடித்துவிடுகின்றனர். 2022 நவம்பரில் மெட்டா நிறுவனத்தார் 'சிசெரோ' என்ற கணினி அறிவை வெளியிட்டனர். அது 40 ஆட்டங்களில் மனிதரோடு எழுதிப் பேசி ஆடி, அவர்கள் சராசரியாகப் பெற்றதைப்போல் இரு மடங்குக்கு மேல் புள்ளிகள் பெற்றது. பெரும்பாலும் உண்மையே பேசுமாறு அதைப் பழக்கியதாக அந்நிறுவனத்தார் கூறினர். ஆனால் அதன் உரையாடல்களை ஆராய்ந்த சிலர் 2024-இல் ஒரு சேதியைச் சுட்டிக்காட்டினர். பிரான்சாக ஆடிய சிசெரோ, வடகடலில் புகுவதற்கு ஜெர்மனியோடு முதலில் ஏற்பாடு செய்துகொண்டது. பிறகு இங்கிலாந்திடம் சென்று, வடகடலுக்கு எவர் வந்தாலும் உனக்குத் துணை நிற்பேன் என்றது! உண்மை பேசப் பழக்கிய பொறியே இப்படியென்றால், கல்லூரி மாணவனைச் சொல்வானேன்?

அத்தாய் வாழும் மண்ணுக்கு இவ்வாட்டம் புதிதன்று என்பதையும் சொல்லவேண்டும். கரிவலம்வந்தநல்லூர் ஒருகாலத்தில் வரதுங்கராம பாண்டியன் அரசிருந்த ஊர். அங்கிருந்து அதிகத் தொலைவில்லாத நெற்கட்டும்செவலில் பின்னாளில் பூலித்தேவர் இருந்தார். 1755-இல் ஆங்கிலேயத் தளபதி ஹெரானும் ஆர்க்காட்டு நவாபின் தமையன் மாபூஸ்கானும் கப்பம் வாங்கத் தெற்கே வந்தபோது, நெற்கட்டும்செவல் கொடுக்க மறுத்தது. மேற்குப் பாளையக்காரர்களைப் பூலித்தேவர் ஓரணியாகச் சேர்த்தார்; கிழக்கே இருந்தவர்கள் பெரும்பாலும் தனி அணியாக நின்றனர். மலைக்கு அப்பால் திருவிதாங்கூர் அரசருக்குக் களக்காட்டுப் பகுதியின்மேல் கண். அவரும் முதலில் பூலித்தேவர் பக்கமே நின்றார். மாபூஸ்கானோ சிறிது காலத்துக்குள் தம் தம்பியாகிய நவாபைப் பகைத்து, எவரை அடக்க வந்தாரோ அவரிடமே வந்து சேர்ந்தார்.

1759-இல் கும்பினியார் யூசுப்கானை அனுப்பினர். அவர் பீரங்கியை மட்டும் நம்பவில்லை. களக்காட்டைத் தருவதாகத் திருவிதாங்கூரோடு பேசி முடித்தார். நேற்றுவரை துணை நின்ற படை அவ்வாண்டிலேயே எதிர்ப்பக்கத்தில் நின்றது. அப்படியும் அவ்வாண்டின் இறுதியில் வாசுதேவநல்லூர்க் கோட்டை வீழவில்லை. 1761 மே மாதத்தில்தான் நெற்கட்டும்செவலும் வாசுதேவநல்லூரும் பனையூரும் யூசுப்கான் வசமாயின. வென்றவர் கதை என்ன ஆயிற்று? நவாபோடும் கும்பினியாரோடும் பிணங்கி மதுரைக் கோட்டைக்குள் இருந்தவரை, அவருடைய ஆட்களே பிடித்துக் கொடுத்தனர். 1764 அக்டோபர் 15-ஆம் நாள் தூக்கிலிடப்பட்டார். பெயர்களை மாற்றிவிட்டால் அம்மாணவனின் கைப்பேசியில் நடப்பதும் ஏறக்குறைய இதுவே. ஆனால் அங்கே கோட்டைச் சுவரின்மேல் மாண்டவர்கள் மறுநாள் எழுந்து அடுத்த ஆட்டத்துக்கு வரவில்லை.

சரி, கேள்விக்கு வருவோம். புனித அகுஸ்தீனார் பொய்யைப்பற்றித் தனியாக ஒரு நூலே எழுதியவர். அதன் தொடக்கத்திலேயே வேடிக்கைப் பேச்சை அவர் ஒதுக்கிவிடுகிறார். ஏமாற்றும் நோக்கமில்லை என்பது பேசுபவரின் குரலிலேயே தெரிந்துவிடுகிறது என்பது அவர் காட்டும் காரணம். கைப்பேசியில் குரலுமில்லை, முகமுமில்லை. அந்த வேலையை அங்கே ஆட்டவிதி செய்கிறது. இங்கே கொடுக்கும் வாக்கு மாறக்கூடும் என்று ஏழு பேரும் அறிந்தே உட்காருகின்றனர். அறிந்தவரிடையே அது சதுரங்கத்தில் குதிரையைக் காட்டி ராணியைப் பிடிப்பது போன்றதுதான். அதைக் குற்றமென்று நான் சொல்லமாட்டேன்.

ஏழாமவனுக்கு அது தெரியாதபோதுதான் வினை. ஆள் குறைகிறது என்று பத்து வயதுத் தம்பியை இழுத்து உட்கார வைத்தால், அண்ணன் சொன்ன சொல்லை அவன் அண்ணன் சொன்ன சொல்லாகவே எடுத்துக்கொள்வான். அவனை விலக்கிவிடுங்கள். நிலத் தகராறு உள்ள சிற்றப்பன் பெரியப்பன் பிள்ளைகள் இதை ஆடாதிருப்பது நல்லது. அங்கே எது ஆட்டம், எது உள்ளக்கிடக்கை என்று எவராலும் பிரித்துச் சொல்லமுடியாது. இன்னொன்று. "அம்மாமேல் ஆணை, உன்னைத் தாக்கமாட்டேன்" என்று மகன் எழுதுகிறானா என்று கேளுங்கள். துருக்கியின் பெயரால் அவன் எத்தனை வாக்கும் கொடுக்கட்டும். தாயின் பெயரும் தெய்வத்தின் பெயரும் அந்த வரைபடத்தில் இல்லை. அவற்றை ஆட்டத்துக்குள் கொண்டுவந்த அந்நேரமே அவன் மெய்யாகப் பொய் சொல்லியவனாகிறான். இதைக் கண்டிப்பாகவே சொல்லலாம்.

நேரத்தைப்பற்றியும் அத்தாய் ஒரு வரி எழுதியிருந்தார். சுற்றுக்கு ஒரு நாள் தவணை வைத்து ஆடும் முறை இதில் உண்டு. ஐந்து நிமிட முறையைவிட அது வீட்டுக்கு ஏற்றது. இரவுச் சாப்பாட்டுக்குப்பின் அரைமணி நேரம் போதும்.

மற்றபடி, உள்ளூர் நண்பர்களோடு ஆடுகிறான் என்றால், அவனைத் தோற்கடித்த பையன் மறுநாள் வாசலுக்கு வரும்போது கவனியுங்கள். "வாடா" என்று கூப்பிட்டுத் தோளில் தட்டுகிறானா, கைப்பேசியைப் பார்த்தபடி முகத்தைத் திருப்பிக்கொள்கிறானா என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.